வெண்பனி நாய்களும் வீரர் அமுண்ட்சனும்

உறைபனியை நாம் கண்ணால் கண்டதில்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிறந்து வளர்ந்த நமக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் கடற்காற்றோடு வரும் சிறு நடுக்கம்தான். பனிக்கட்டி என்றால் காசிமேட்டில் மீன் கெடாதிருக்கப் படகுகளில் கொட்டும் ஐஸ்தான். நம் தெரு நாய்களும் நம்மைப் போன்றவையே. எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரிகளின் நிழலில் அவை நாக்கைத் தொங்கவிட்டுக் கிடக்கின்றன. ஒரு மழை பெய்தால் போதும், ஒடுங்கிக்கொண்டு திண்ணை தேடி ஓடுகின்றன.

ஆனால் கடுங்குளிரைக் கண்டால் களிப்படையும் நாய்களும் உலகில் உண்டு. பனி பொழியப் பொழிய அவை புரண்டு விளையாடும். மூக்கால் பனியைக் கிளறும். வாய் நிறைய அள்ளி விழுங்கும். இரவில் வெட்டவெளியிலேயே சுருண்டு படுத்து, தம் மீது விழும் பனியையே போர்வையாகக் கொண்டு உறங்கும். அத்தகைய நாய்களின் துணையால் பூமியின் தென்கோடியை முதன்முதலில் அடைந்தவர் நார்வே நாட்டு வீரர் ரோல்ட் அமுண்ட்சன். அவரது வாழ்க்கையில் நாம் வியக்க வேண்டியவையும் உண்டு, வருந்த வேண்டியவையும் உண்டு.

ரோல்ட் அமுண்ட்சன் 1872-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16-ஆம் நாள் நார்வே நாட்டில் போர்கே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கப்பல் தலைவர்; கப்பல்களுக்கு உரிமையாளரும்கூட. நான்கு ஆண்மக்களுள் ரோல்ட் கடைக்குட்டி. பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். கடைசி மகனாவது கடலுக்குப் போகாமல் மருத்துவராக வேண்டும் என்பது அன்னையின் ஆசை. அன்னையின் மனம் நோகாதிருக்க அவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். ஆனால் அவர் உள்ளம் பாடநூலில் இல்லை. பதினைந்து வயதிலேயே, வடதுருவக் கடலில் கூட்டத்தோடு மறைந்துபோன ஆங்கிலேயர் ஜான் பிராங்க்ளினின் வரலாற்றைப் படித்து, தாமும் துருவப் பயணி ஆவதென்று உறுதி பூண்டிருந்தார். நார்வேயின் குளிர்காலத்தில் சாளரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உறங்கி உடலைப் பழக்கினார். 1893-இல் அன்னை மறைந்தார். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு அமுண்ட்சன் கடலை நோக்கிப் புறப்பட்டார்.

1897-இல் ‘பெல்ஜிகா’ என்னும் கப்பலில் துணை அதிகாரியாகத் தென்துருவக் கடலுக்குச் சென்றார். மறு ஆண்டு அக்கப்பல் பனிக்கட்டிகளிடையே சிக்கி ஓராண்டுக்கு மேல் நகர முடியாமல் கிடந்தது. புதிய உணவு இன்மையால் பலரையும் ஸ்கர்வி நோய் வாட்டியது. கப்பல் மருத்துவரான பிரெடரிக் குக், சீல் இறைச்சியையும் பென்குவின் இறைச்சியையும் உண்ணச் செய்து அவர்களைத் தேற்றினார். துருவத்தில் மனிதனைக் கொல்வது குளிர் மட்டும் அன்று, ஆயத்தமின்மையும்தான் என்பதை இளைஞர் அமுண்ட்சன் அங்கே கற்றுக்கொண்டார்.

அடுத்து அவர் மேற்கொண்டது, அட்லாண்டிக் கடலிலிருந்து வட அமெரிக்காவின் வடக்கு ஓரமாகப் பசிபிக் கடலுக்குச் செல்லும் வழியைக் கடப்பது. பல நூற்றாண்டுகளாகப் பலரும் முயன்று தோற்ற வழி அது. 1903 ஜூன் மாதத்தில், கடன் கொடுத்தவர்கள் தடுத்து நிறுத்திவிடுவார்களோ என்றஞ்சி, ‘யோவா’ என்னும் 47 டன் எடையுள்ள சின்னஞ்சிறு கப்பலில் ஆறு தோழர்களோடு இரவோடு இரவாகப் புறப்பட்டார். கனடாவின் வடக்கே ஒரு தீவின் துறையில் இரண்டு குளிர்காலங்களைக் கழித்தார். அத்துறை இன்றும் அக்கப்பலின் பெயரால் ‘யோவா துறை’ என்றே வழங்குகிறது.

அங்கே அவருக்கு ஆசிரியர்களாய் வாய்த்தவர்கள் நெட்சிலிக் என்னும் இன்யூட் குலத்தார். பள்ளிக்கூடம் காணாத அம்மக்களை ஐரோப்பியர் பலர் நாகரிகமற்றவர் என்று எள்ளிய காலம் அது. அமுண்ட்சனோ அவர்களிடம் மாணவராய் அமர்ந்தார். கம்பளியைவிட மான்தோல் உடை எவ்வளவு மேலானது, அதை ஏன் தளர்வாக அணிய வேண்டும், பனிக்கட்டியால் வீடு கட்டுவது எவ்வாறு, நாய்களைப் பூட்டிச் சறுக்குவண்டி ஓட்டுவது எவ்வாறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பழகினார். 1905 இறுதியில், தம் வெற்றியை உலகுக்குத் தந்தி மூலம் அறிவிப்பதற்காக, நாய்வண்டியோடு ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பனிவெளியைக் கடந்து அலாஸ்காவிலுள்ள ஈகிள் என்னும் ஊரை அடைந்தார். 1906-இல் ‘யோவா’ பசிபிக் பக்கம் வந்து சேர்ந்தது. அவ்வழியை முதன்முதலில் முழுமையாகக் கப்பலில் கடந்த பெருமை அவருக்கே உரியதாயிற்று.

இனி, அவர் நம்பிய நாய்களைப் பற்றிச் சற்றுக் காண்போம். குளிர்நாட்டு நாய்க்கு இரட்டை ஆடை உண்டு. உடலோடு ஒட்டி அடர்ந்த பஞ்சு போன்ற உள்மயிர். அதன் மேல் ஈரத்தை ஒட்டவிடாத நீண்ட முரட்டு மயிர். உள்மயிரில் தங்கும் காற்று உடற்சூட்டை வெளியே விடுவதில்லை. அதனால்தான் உறங்கும் நாயின் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடக்கிறது. பாதத்திலும் ஒரு விந்தை உண்டு. காலுக்குச் செல்லும் சூடான இரத்தக் குழாயும், குளிர்ந்து திரும்பும் இரத்தக் குழாயும் நெருக்கமாக அமைந்துள்ளன. போகும் இரத்தம் வரும் இரத்தத்திற்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுவதால், உடலின் சூடு தரையோடு போய்விடுவதில்லை. படுக்கும்போது புதர் போன்ற வாலை மூக்கின் மேல் போர்த்திக்கொள்ளும். நாய் நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். எனவே தடித்த மயிருடைய நாய் பாரம் இழுத்து ஓடுவதற்குக் கடுங்குளிரே ஏற்ற காலம். நமக்குத் துன்பமான குளிர் அதற்கு இன்பம்; நாம் பழகிய வெயில் அதற்குத் துன்பம்.

அமுண்ட்சன் வடதுருவத்திற்குச் செல்லத் திட்டமிட்டு, ‘ஃபிராம்’ என்னும் புகழ்பெற்ற கப்பலைப் பெற்றிருந்தார். ஆனால் வடதுருவத்தை அமெரிக்கர் அடைந்துவிட்டதாக 1909-இல் செய்தி பரவியது. அமுண்ட்சன் யாரும் அறியாமல் தம் எண்ணத்தைத் தெற்கே திருப்பினார். 1910-இல் கப்பல் புறப்பட்டபோது உண்மையை அறிந்தவர் மிகச் சிலரே. மதீரா தீவை அடைந்த பின்னரே தோழர்களுக்கு அதைத் தெரிவித்தார். அதே ஆண்டில் தென்துருவத்தை நாடிப் புறப்பட்டிருந்த ஆங்கிலேயக் கப்பற்படை அதிகாரி ராபர்ட் ஸ்காட்டுக்கும் ஒரு சிறு தந்தியால் செய்தி போயிற்று. இவ்வாறு மறைத்தது முறைதானா என்று இன்றும் கேட்போர் உளர்.

‘ஃபிராம்’ கப்பலில் கிரீன்லாந்து நாய்கள் 97 ஏற்றப்பட்டன. வடகோடியில் பிறந்த அவை தென்கோடியை அடைய, நடுவே வெப்ப மண்டலத்தைக் கடந்தாக வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஒப்பான வெயிலில் தடித்த மயிர்க்கோட்டோடு அவை வாரக் கணக்கில் வாழ வேண்டியிருந்தது. அமுண்ட்சன் அதற்கும் வழி கண்டார். கப்பலின் மேல்தளத்தில் நாய்களுக்குப் பந்தல் போல் துணி விரித்து நிழல் செய்தார். தளத்தின் மீது சற்று உயர்த்தி மற்றொரு பலகைத் தளம் அமைத்தார். அலைநீர் அடியில் ஓடிவிடும், காற்றும் உலவும், நாய்கள் ஈரத்தில் படுக்க நேராது. நாய்கள் நலமாகச் சேராவிட்டால் பயணமே வீண் என்பதைக் கப்பலில் இருந்த அனைவரும் உணர்ந்து அவற்றைப் பேணினர். வழியில் குட்டிகளும் பிறந்தன. 1911 ஜனவரியில் அன்டார்க்டிகாவின் திமிங்கல விரிகுடாவை அடைந்தபோது நாய்களின் எண்ணிக்கை குறையாதது மட்டுமன்று, 116 ஆகப் பெருகியிருந்தது!

அங்கே பனிப்பாறையின் மேல் ‘ஃபிராம்ஹைம்’ என்னும் மரவீட்டை எழுப்பினர். நாய்களுக்கும் கூடாரங்கள் அமைத்தனர். சீல் இறைச்சியைத் தின்று அவை கொழுத்தன. ஏப்ரல் இறுதியில் மறைந்த கதிரவன் ஆகஸ்ட் இறுதியில்தான் மீண்டும் முகம் காட்டினான். நான்கு மாத இரவு! அந்த இருளிலும் குளிரிலும் நாய்கள் கட்டவிழ்த்துவிடப்பட்டுப் பனிவெளியில் ஓடித் திரிந்தன. மனிதர்கள் வீட்டிற்குள் அமர்ந்து சறுக்குவண்டிகளைச் செதுக்கி எடை குறைத்துக்கொண்டிருந்தனர். குளிர்காலம் வருமுன்பே 80, 81, 82 ஆகிய தென் அட்சக்கோடுகளில் உணவுக் கிடங்குகளை வைத்து, பனிமூட்டத்திலும் வழி தவறாதிருக்க அவற்றின் இருபுறமும் குறுக்காகக் கொடிகளை நட்டு வந்திருந்தனர்.

ஆயினும் ஸ்காட்டுக்குப் பின்தங்கிவிடுவோமோ என்ற கவலை அமுண்ட்சனை அரித்தது. செப்டம்பர் 8-ஆம் நாள், பருவம் வருமுன்பே ஏழு பேரோடு புறப்பட்டார். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 56 பாகை வரை இறங்கியது. குளிரில் களிக்கும் நாய்களுக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அவற்றின் பாதங்கள் உறைந்தன. சில நாய்கள் படுத்த இடத்திலேயே மாண்டன. மனிதர்களின் குதிகால்களும் உறைந்து புண்ணாயின. திரும்பும் வழியில் தலைவரே தோழர் சிலரைப் பின்னே விட்டு வேகமாக வீடு வந்து சேர்ந்தார். பின்தங்கிய ஒருவரை அழைத்துவந்து காத்தவர் அனுபவம் மிக்க யோஹான்சன். மறுநாள் அவர் தலைவரின் செயலை எல்லோர் முன்னும் கண்டித்தார். அமுண்ட்சன் அதை மன்னிக்கவில்லை. துருவம் செல்லும் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார். பெரியோரிடத்தும் இத்தகைய சிறுமை தலைகாட்டுவது உண்டு.

அக்டோபரில் அமுண்ட்சன், பியாலன், ஹான்சன், ஹாசல், விஸ்டிங் ஆகிய ஐவர் நான்கு வண்டிகளோடும் 52 நாய்களோடும் மீண்டும் புறப்பட்டனர். இம்முறை நாய்கள் பறந்தன. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரமே பயணம். மீதி நேரம் நாய்களுக்கும் ஆட்களுக்கும் ஓய்வு. நடந்தால் புதையும் பனியில் மனிதர்கள் சறுக்குக் கட்டைகளில் வழுக்கிச் சென்றனர். எவரும் கண்டிராத மலைத்தொடர் குறுக்கிட்டபோது, ஆக்சல் ஹைபர்க் என்று பின்னர் பெயரிட்ட பனியாற்றின் வழியே, மலை போன்ற பாரத்தை நாய்கள் 3,000 மீட்டர் உயரத்திற்கும் மேலே இழுத்தேறின.

அந்த உச்சியில் நடந்ததை எழுத நமக்கு மனம் வரவில்லை. எழுதாமல் விடவும் முடியவில்லை. பாரம் குறையக் குறைய நாய்களையும் குறைத்து, அவற்றின் இறைச்சியையே மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாக்குவது என்று அமுண்ட்சன் புறப்படுமுன்பே கணக்கிட்டு வைத்திருந்தார். மேலேறி வந்த 42 நாய்களில் 24 நாய்கள் அன்று மாலை சுட்டுக் கொல்லப்பட்டன. ஒவ்வொருவரும் தாம் வளர்த்து ஓட்டிய நாய்களைத் தாமே சுட வேண்டும் என்பது ஏற்பாடு. கூடாரத்தில் சமையல் செய்துகொண்டிருந்த அமுண்ட்சன், துப்பாக்கி ஒலி காதில் விழாதிருக்க ஸ்டவ்வை வேகமாகப் பம்ப் செய்து இரைச்சலை எழுப்பினார் என்பதை அவரே பின்னர் தம் நூலில் பதிந்திருக்கிறார். அவ்விடத்திற்கு அவர்கள் ‘கசாப்புக் கடை’ என்றே பெயரிட்டனர். கல்நெஞ்சர் என்று அவரை எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் கல்நெஞ்சருக்கு அந்த இரைச்சல் தேவைப்பட்டிராது.

எஞ்சிய 18 நாய்களோடு பயணம் தொடர்ந்தது. 1911 டிசம்பர் 14-ஆம் நாள் அவர்கள் தென்துருவத்தை அடைந்து நார்வேக் கொடியை நாட்டினர். 1912 ஜனவரி இறுதியில் ‘ஃபிராம்ஹைம்’ திரும்பினர். சென்றுவர ஆனவை 99 நாட்கள், ஐவரும் நலம். நாய்களில் திரும்பியவை 11 மட்டுமே. அவற்றுள் விஸ்டிங்கின் நாயான ‘கர்னல்’ நார்வே வரை சென்று சேர்ந்தது.

ஸ்காட்டின் கூட்டத்திலும் நாய்கள் இருந்தன. ஆனால் அவர் அவற்றை முழுமையாக நம்பவில்லை. நாய்களைக் கொன்று முன்னேறவும் அவர் மனம் ஒப்பவில்லை. குதிரைக் குட்டைகளையும் மோட்டார் வண்டிகளையும் கொண்டு சென்றார். குதிரைகள் வியர்வை உறைந்து வாடின; மோட்டார்கள் பழுதடைந்தன. இறுதியில் மனிதர்களே வண்டியை இழுத்தனர். 1912 ஜனவரி 17-இல் துருவத்தை அடைந்தபோது நார்வேக் கொடி அங்கே பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஸ்காட் உட்பட ஐவரும் மாண்டனர். அவர்களுள் பவர்ஸ் என்பவர் நம் நாட்டில் ‘ராயல் இந்தியன் மரைன்’ கப்பற்பணியில் இருந்தவர். ஓட்ஸ் என்பவர் மத்திய இந்தியாவில் மாவ் நகரில் குதிரைப்படையில் இருந்தவர். அடுத்த பருவத்தின் பயணத்திற்கென்று சிம்லாவில் பழக்கப்பட்ட ஏழு கோவேறு கழுதைகளை அப்போதைய இந்திய அரசு அன்டார்க்டிகாவுக்கு அனுப்பியிருந்தது. குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, லால் கான், கான் சாகிப் என்பன அவற்றின் பெயர்கள். 1912 நவம்பரில் ஸ்காட்டின் கூடாரத்தைக் கண்டெடுத்த தேடுதல் குழுவோடு சென்றவை அவையே. ஆம், வாயில்லா ஜீவன்களாயினும் நம் நாட்டுப் பெயர் தாங்கியவை அந்தப் பனிவெளியிலும் உழைத்திருக்கின்றன!

அமுண்ட்சனின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகக் கூறுவோம். நாய்களை விட்டு அவர் வானூர்திகளை நாடினார். 1926 மே 12-இல் இத்தாலியப் பொறியாளர் நோபிலே செலுத்திய ‘நார்ஜ்’ என்னும் வான்கப்பலில் வடதுருவத்தின் மேலாகப் பறந்தார். அப்பயணத்திலும் ஒரு நாய் உண்டு. நோபிலேயின் செல்ல நாய் தித்தினா; தடித்த மயிரில்லாத சிறு நாய் அது. கம்பளிச் சட்டை அணிவித்து அதை அழைத்துச் சென்றனர். பின்னர் அமுண்ட்சனுக்கும் நோபிலேக்கும் பகை மூண்டது. ஆயினும் 1928-இல் நோபிலேயின் ‘இத்தாலியா’ வான்கப்பல் பனிக்கடலில் வீழ்ந்தது என்று கேட்டதும், பகையைப் பாராமல் அவரைத் தேடிப் புறப்பட்டார் அமுண்ட்சன். ஜூன் 18-ஆம் நாள் நார்வேயின் வடக்கே திரோம்சோவிலிருந்து கிளம்பிய அவரது விமானம் திரும்பவே இல்லை. மிதவைக் கட்டை ஒன்று பின்னர்க் கடலில் கிடைத்தது. அவர் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. நோபிலே காப்பாற்றப்பட்டார்; தித்தினாவும் பிழைத்தது. தோழரையே பின்னே விட்டு வந்த குற்றம் ஒருநாள் அவர் மேல் இருந்தது. பகைவரைத் தேடிச் சென்று உயிர் நீத்த பெருமை இறுதியில் அவரைச் சேர்ந்தது.

இன்று அன்டார்க்டிகாவில் நாய்கள் இல்லை. அங்குள்ள சீல்களுக்கு நாய்களிடமிருந்து நோய் தொற்றலாம் என்பதால், 1991-இல் உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைப்படி 1994 ஏப்ரலுக்குள் எல்லா நாய்களும் வெளியேற்றப்பட்டன. மாறாக, குளிர்நாட்டு நாய்கள் நம் சென்னைக்கு வந்துவிட்டன! அழகுக்காகவும் பெருமைக்காகவும் ஹஸ்கி நாய்களை வாங்கி ஏ.சி. அறையில் அடைத்து வளர்ப்போர் உளர். மின்சாரம் நின்றால் அவற்றின் கதி என்ன? தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரிய ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் முதலிய இனங்களை நம் தட்பவெப்பத்திற்கு ஒவ்வாதவை என்று கருதி, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யலாகாது என்று குறித்தது. வெப்ப மண்டலத்தைக் கடக்கும் சில வாரங்களுக்காக அமுண்ட்சன் பந்தலிட்டுப் பலகை போட்டார். வாழ்நாள் முழுவதும் வெயிலில் வைத்து வளர்க்க முனைவோர் அதை எண்ணிப் பார்ப்பது நன்று.

அன்புத் தோழியரே! அமுண்ட்சனின் வாழ்வு நமக்கு உணர்த்துவது என்ன? தெரிந்தவரிடம் கேட்டுக் கற்பதில் இழிவில்லை. எளியவர் ஆயினும் ஆசிரியர் ஆசிரியரே. ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் இயல்பு உண்டு. அதை அறிந்து நடத்தினால் அரியதும் கைகூடும். இன்னொன்றும் உண்டு. துருவத்தை வென்றவர் யார் என்று தேர்வில் கேட்டால் ஐவரின் தலைவர் பெயரை எழுதுகிறோம். வண்டியை இழுத்தவற்றை எழுதுவதில்லை. நம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், நம் ஆலைகளில் வேர்வை சிந்தியவர்களும், நம் கரையில் வலை இழுத்தவர்களும் எத்தனையோ பேர். அவர்களுள் பலர் நம் வீட்டுப் பெரியவர்களே. அவர்கள் பெயரும் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. ஒரு வெற்றியைப் பற்றிப் படிக்கும்போது அதன் பாரத்தை இழுத்தவர் யார் என்றும் கேட்கப் பழகுவோம். அப்படிக் கேட்பவர் தம் கீழ் உழைப்போரை, அவர் மனிதராயினும் வாயில்லா உயிராயினும், வருத்தத் துணியமாட்டார்.